சக்கரவியூகத்தில் ஒரு மருத்துவர்
('அபிமன்யு' நாவலும் அதன் பின்னணி வரலாறும்)

திருக்குறளில் 'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரத்தை நிறைவு செய்யுமிடத்து வள்ளுவப் பெருந்தகை மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து துணைசெய்பவன் என்பன அந்நான்கு. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் மருத்துவம் முழுமை பெறாது. நாம் வாழும் காலம் இந்நான்கோடு ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறது. மருத்துவனின் திறத்தை மதிப்பிட்டு, ஏற்று, இடம் கொடுக்கும் சமூகமே அது. நான்கும் குறைவின்றி அமைந்தும் ஐந்தாவது பிழைத்தமையால் வீழ்ந்த ஒரு மருத்துவரின் வரலாற்றையும், அவ்வரலாற்றிலிருந்து பிறந்த ஒரு நாவலையும் இக்கட்டுரையில் காண்போம்.

வீழ்ச்சி மூவகை

புகழின் உச்சியில் நின்ற மருத்துவன் கீழே விழும் கதை உலக இலக்கியத்தில் பலமுறை எழுதப்பட்டுள்ளது. அவற்றைக் கூர்ந்து நோக்கினால் வீழ்ச்சி மூவகைப்படுவதை உணரலாம்.

முதல்வகை, தன்னால் வரும் வீழ்ச்சி. ஏ. ஜே. குரோனின் 1937இல் எழுதிய 'தி சிட்டாடல்' என்னும் ஆங்கில நாவல் இதற்குச் சான்று. குரோனினும் ஒரு மருத்துவரே. வேல்ஸ் நாட்டுச் சுரங்க ஊரில் ஏழைத் தொழிலாளர்க்குத் தொண்டு செய்யத் தொடங்கும் ஆண்ட்ரூ மேன்சன் என்னும் இளம் மருத்துவன், இலண்டன் மாநகரில் செல்வர்தம் நோய்களுக்கு மருந்தெழுதிப் பொருள் குவிக்கிறான். பொருள் ஏற ஏற மனச்சான்று இறங்குகிறது. பின்னர் அவன் விழித்தெழுகிறான் எனினும், கொடுத்த விலை பெரிது. விஜய் ஆனந்த் இயக்கி 1971இல் வெளிவந்த 'தேரே மேரே சப்னே' என்னும் இந்தித் திரைப்படம் இந்நாவலைத் தழுவியதே.

இரண்டாம்வகை, காலத்தால் வரும் வீழ்ச்சி. வங்கப் பேரெழுத்தாளர் தாராசங்கர் பந்தோபாத்தியாய எழுதி 1953இல் வெளிவந்த 'ஆரோக்கிய நிகேதனம்' இதற்கு எடுத்துக்காட்டு. 1956ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி விருது பெற்ற இந்நாவலைத் த. நா. குமாரசாமி தமிழாக்கித் தந்தார். நாடி பிடித்தே நோயாளியின் நாளைக் கணித்துச் சொல்லும் ஜீவன் மசாய், தன் ஒரே மகனின் முடிவையும் நாடியில் படித்துச் சொல்லிய பெருவைத்தியர். ஊரே வணங்கிய அவரை ஊசிமருந்தும் புதிய மருத்துவமனையும் ஓரத்துக்குத் தள்ளுகின்றன. மரணத்தை முன்னுரைப்பது அறமா என்று புதிய டாக்டர் சினந்து கேட்கிறார். இங்கே தீயவர் ஒருவரும் இலர். ஆற்றில் புதுவெள்ளம் வரும்போது பழைய கரை சரிவதுபோல் ஒரு தலைமுறையின் அறிவு சரிகிறது. வாசிப்பவர் இருபக்கத்துக்கும் கண்ணீர் விடுகிறார்.

மூன்றாம்வகை, பிறரால் வரும் வீழ்ச்சி. மருத்துவன் தவறு செய்யவில்லை. காலமும் அவனைக் கடந்து செல்லவில்லை. மாறாக, அவனே காலத்தைக் கடந்து முன்னே சென்றுவிடுகிறான். பின்னால் நிற்போர் அவனைப் பிடித்திழுத்து வீழ்த்துகின்றனர். மூன்றினும் கொடியது இதுவே. வங்க எழுத்தாளர் ரமாபத சௌதுரியின் 'அபிமன்யு' இவ்வகையைச் சேர்ந்தது. இதன் பின்னால் நிற்பது கற்பனை அன்று. கல்கத்தா மாநகரில் நம் கண்முன் நிகழ்ந்த வரலாறு.

டாக்டர் சுபாஷ் முகர்ஜி

சுபாஷ் முகோபாத்தியாய என்னும் சுபாஷ் முகர்ஜி 1931 ஜனவரி 16ஆம் நாள் ஹசாரிபாக்கில் பிறந்தார். கல்கத்தா தேசிய மருத்துவக் கல்லூரியில் பயின்று 1955இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அத்துடன் அமையாமல், இனப்பெருக்க உடலியலில் ஆராய்ச்சி செய்து 1958இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும், பின்னர் பிரித்தானியா சென்று 1967இல் எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் மற்றுமொரு டாக்டர் பட்டமும் பெற்றார். வெளிநாட்டிலேயே தங்கிப் பொருளும் புகழும் ஈட்டும் வாய்ப்பு இருந்தும் தாயகம் திரும்பி, அரசு மருத்துவக் கல்லூரியில் உடலியல் ஆசிரியராகப் பணியேற்றார்.

அவர் மனத்தைப் பற்றிக்கொண்ட வினா ஒன்று உண்டு. கருக்குழாய் அடைபட்ட பெண்ணுக்குத் தாய்மை என்றென்றும் மறுக்கப்பட்டதுதானா? சினைப்பையில் முட்டை உருவாகிறது. கருப்பையும் நலமாக இருக்கிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள வழி மட்டும் அடைபட்டுக் கிடக்கிறது. வழியைத் திறக்க இயலாதாயின், முட்டையை வெளியே எடுத்துக் கண்ணாடிக் கலத்தில் கருவுறச் செய்து, கருவை மீண்டும் கருப்பையில் வைத்தால் என்ன? இதே வினாவோடு இங்கிலாந்தில் இராபர்ட் எட்வர்ட்ஸ் என்னும் விஞ்ஞானியும் பாட்ரிக் ஸ்டெப்டோ என்னும் மருத்துவரும் ஆண்டுக்கணக்காக உழைத்து வந்தனர். அவர்கள் உழைப்பின் பயனாக 1978 ஜூலை 25ஆம் நாள் லூயிஸ் பிரவுன் என்னும் உலகின் முதற் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தது.

அதற்கு 70 நாள் கழித்து, 1978 அக்டோபர் 3ஆம் நாள், நவராத்திரி தொடங்கிய வேளையில், கல்கத்தாவில் ஒரு பெண்குழந்தை பிறந்தது. 'துர்கா' என்னும் பெயரால் உலகம் அக்குழந்தையை அறிந்தது. உலகின் இரண்டாவது, இந்தியாவின் முதலாவது சோதனைக் குழாய்க் குழந்தை அதுவே. இதனைச் சாதித்தவர் மூவர்: டாக்டர் சுபாஷ் முகர்ஜி, உறைநிலை அறிவியலில் வல்லவரான பேராசிரியர் சுனித் முகர்ஜி, மகப்பேற்று மருத்துவர் சரோஜ் காந்தி பட்டாசார்யா. அந்நாளில் சுபாஷ் முகர்ஜியின் அரசுப் பணி கல்கத்தாவில் இல்லை; தொலைவிலுள்ள பாங்குரா மருத்துவக் கல்லூரியில் இருந்தது. அங்கே வகுப்பெடுத்துக்கொண்டே கல்கத்தாவில் மிக எளிய கருவிகளைக் கொண்டு ஆராய்ச்சி நடத்தியவர் அவர்.

மூன்று புதுமைகள்

இங்கிலாந்தில் நடந்ததையே இங்கும் பார்த்துச் செய்தார் என்று கருதுவோர் உளர். அது பொருந்தாது. இவ்விருவர் வழியும் வெவ்வேறு என்பதை மருத்துவம் பயிலாதோரும் எளிதில் விளங்கிக்கொள்ளலாம்.

முதலாவது, எட்வர்ட்ஸ் குழுவினர் லூயிஸ் பிரவுனின் பிறப்புக்கு இயற்கையாக ஒரு மாதத்தில் முதிரும் ஒற்றை முட்டையையே நம்பினர். சுபாஷ் முகர்ஜியோ, சுரப்புநீர் மருந்து செலுத்திச் சினைப்பையைத் தூண்டி, ஒரே நேரத்தில் பல முட்டைகளை முதிரச் செய்தார். ஒன்று தவறினாலும் மற்றொன்று கைகொடுக்கும்.

இரண்டாவது, அவர்கள் வயிற்றில் சிறு துளையிட்டுக் குழாய்க் கருவியை நுழைத்து முட்டையை எடுத்தனர். இவர் பிறப்புறுப்பின் வழியே சென்று முட்டையை எடுத்தார். விலையுயர்ந்த கருவி இல்லாத நாட்டுக்கு ஏற்ற வழி அது.

மூன்றாவதே தலையாயது. மருந்தால் தூண்டப்பட்ட மாதத்தில் கருப்பை கருவை ஏற்கும் பக்குவத்தில் இராது என்று அவர் எண்ணினார். ஆகவே உருவான கருவை உடனே வைக்காமல், உறைநிலையில் 53 நாள் பாதுகாத்து, பின்வந்த ஒரு சுழற்சியில் உருக்கித் தாயின் கருப்பையில் வைத்தார். விதைநெல்லைக் கோட்டையில் கட்டிவைத்து, பருவம் பார்த்து விதைக்கும் உழவனின் அறிவுக்கு இதனை ஒப்பிடலாம்.

இம்மூன்றும் பின்னர் உலகெங்கும் பரவின. சினைப்பையைத் தூண்டும் முறையால் அமெரிக்காவில் முதற் குழந்தை பிறந்தது 1981 டிசம்பரில். உறைநிலையில் காத்த கருவிலிருந்து ஆஸ்திரேலியாவில் ஸோயி என்னும் குழந்தை பிறந்தது 1984இல். பிறப்புறுப்பு வழியே முட்டை எடுப்பது 1980களின் நடுவில் மீயொலிக் கருவியின் துணையோடு பொதுமுறை ஆயிற்று. இன்று நம் பெங்களூரிலும் சென்னையிலும் மகப்பேறு வேண்டி மருத்துவமனைக்குச் செல்வோர், தம் கரு உறைநிலையில் வைக்கப்பட்டிருப்பதாகச் சாதாரணமாகக் கூறக் கேட்கிறோம். 1978இல் இதனைச் சொன்னவர் பொய்யர் எனப்பட்டார்.

விசாரணை

குழந்தை பிறந்த செய்தி பத்திரிகைகளில் வந்ததும் முதலில் வியப்பும் பின்னர் ஐயமும் எழுந்தன. ஐயம் எழுந்தது குற்றம் அன்று. அறிவியல் என்பதே ஐயத்தால் வளர்வது. தாய்தந்தையர் ஊராரின் ஏச்சுக்கு அஞ்சிக் குழந்தையைப் பலர் பார்வைக்கு வைக்கத் தயங்கினர்; முழு ஆராய்ச்சிக் குறிப்புகளும் அச்சில் வந்திருக்கவில்லை. கேள்வி கேட்பதற்கு இடமிருந்தது என்பதை நடுநிலையோடு ஒப்புக்கொள்ளவே வேண்டும். ஆயினும் கேட்பவர் யார், எதற்காகக் கேட்கிறார் என்பதும் கேள்வியைப் போலவே முதன்மையானது.

1978 நவம்பரில் மேற்கு வங்க அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. அதன் தலைவர் ரேடியோ அலை இயற்பியல் துறையினர். கருவைக் கலத்தில் வளர்த்துப் பழகியவரோ, உறைநிலையில் காத்துப் பழகியவரோ அக்குழுவில் ஒருவரும் இல்லை. அன்றைய இந்தியாவில் அத்தகையோர் மிக அரியர் என்பதும் உண்மையே. அறியாதோர் தாம் அறியோம் என்று கூறி, வெளிநாட்டு வல்லுநர் கருத்தை நாடியிருக்கலாம். குழு அவ்வாறு செய்யவில்லை. சுபாஷ் முகர்ஜியின் கூற்று நம்பத்தக்கதன்று என்று முடிவு கூறிவிட்டது.

இதே காலத்தில் எட்வர்ட்ஸும் ஸ்டெப்டோவும் தம் வெற்றியை 1978 ஆகஸ்டில் 'லான்செட்' இதழில் ஒரு சிறு கடிதமாகவே அறிவித்தனர். அவர்களுக்கும் எதிர்ப்பு இருந்தது. 1971இல் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அவர்களுக்கு நிதியுதவி மறுத்தது. எனினும் அவர்களைச் சுற்றித் துறையறிந்தோர் கூட்டம் ஒன்று இருந்தது. சுபாஷ் முகர்ஜியைச் சுற்றி இருந்ததோ மேலதிகாரிகளின் கூட்டம். அறிஞனை அறிஞன் வினவும்போது அது ஆய்வாகிறது. கீழ்ப்பணியாளனை மேலதிகாரி வினவும்போது அது விசாரணையாகிறது. இவ்வேறுபாட்டில்தான் ஓர் உயிரின் விதி அடங்கியிருந்தது.

1979 ஜனவரியில் ஜப்பானியக் கியோட்டோப் பல்கலைக்கழகம் தன் செலவிலேயே அவரை அழைத்தது. தம் குறிப்புகளை உலக அறிஞர்முன் வைக்க அதனினும் சிறந்த வாய்ப்பு வேறில்லை. பயணத்துக்கு அனுமதி மறுக்கப்பட்டது. நிரூபி என்று கேட்டவர்களே நிரூபிக்கும் வாயிலையும் அடைத்தனர்.

நாட்டின் சூழலும் அவருக்குச் சாதகமாக இல்லை. குடும்பக் கட்டுப்பாடே அன்றைய அரசுகளின் பெருமுழக்கம். 1975 முதல் 1977 வரையிலான நெருக்கடி நிலைக் காலத்துக் கட்டாய அறுவைச் சிகிச்சைகளின் நினைவு இன்னும் ஆறியிருக்கவில்லை. மக்கள்தொகை மிகுந்த நாட்டில் குழந்தை பிறப்பிக்க ஓர் ஆராய்ச்சியா என்ற எண்ணம் பலர்க்கும் எழுவது இயல்பே. ஆனால் மலடி என்னும் சொல் ஒரு பெண்ணை எவ்வாறு சுடும் என்பதை நம் கிராமங்கள் அறியும். மங்கலக் காரியங்களில் ஒதுக்கி வைக்கப்பட்டவள் கண்ணீருக்கு மக்கள்தொகைக் கணக்கு விடையாகாது.

மாறுதல் ஆணை

அரசு அலுவலகக் கோப்புகளோடு பழகிய எம்மைப் போன்றோர் ஒன்றை நன்கறிவோம். பணிமாறுதல் என்பது விதிப்புத்தகத்தில் தண்டனைகளின் பட்டியலில் இடம்பெறுவதில்லை. ஊதியம் குறைவதில்லை, பதவி குறைவதில்லை, 'நிருவாகக் காரணங்களை முன்னிட்டு' என்னும் ஒரு தொடரே போதுமானது. அவ்வாணையை எதிர்த்து வாதிடுவதற்கும் பற்றிக்கொள்ள ஒன்றும் இராது. அதனாலேயே அது மிகக் கூரிய கருவி. தட்டச்சு செய்பவர்க்கு அது நான்கு வரி. பெறுபவர்க்கு அது ஒரு வாழ்க்கை.

சுபாஷ் முகர்ஜியின் உடல்நலம் குன்றியது, மாரடைப்புக்கும் உள்ளானார். பாங்குராவிலிருந்து கல்கத்தாவின் ஆர். ஜி. கர் மருத்துவக் கல்லூரிக்கு மாற்றப்பட்ட அவர், 1981 ஜூன் மாதத் தொடக்கத்தில் மீண்டும் மாற்றப்பட்டார். இம்முறை அவருக்கு அளிக்கப்பட்ட இடம் கண் மருத்துவ நிலையத்தில், மின்உடலியல் துறையில். கருவின் உடலியலில் இரண்டு டாக்டர் பட்டம் பெற்ற ஒருவரைக் கண்ணின் துறையில் அமர்த்தினர். வீணை வித்துவானை மேளம் காக்கும் வேலைக்கு அனுப்பியதனை ஒத்த செயல் அது. அவருடைய ஆராய்ச்சிக்கு அந்த ஆணையே முற்றுப்புள்ளி ஆயிற்று.

1981 ஜூன் 19ஆம் நாள் டாக்டர் சுபாஷ் முகர்ஜி தம் இல்லத்தில் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 50. பள்ளி ஆசிரியையான மனைவி நமிதா தனித்து நின்றார். தற்கொலையை எவ்விதத்தும் போற்றுவது நம் நோக்கமன்று. அவர் இன்னும் சில ஆண்டுகள் பொறுத்திருப்பின் காலமே அவர் பக்கம் சாய்ந்திருக்கும். ஆனால் பொறுத்திரு என்று அருகிருந்து சொல்வதற்கு, வள்ளுவர் கூறிய நான்காவது கூறாகிய துணைவர், அவர் பணியாற்றிய இடத்தில் போதிய அளவு இருந்தனரா என்னும் வினா நம்மை விட்டு அகல்வதில்லை.

நாவலும் திரைப்படமும்

ரமாபத சௌதுரி 1922இல் கரக்பூரில் பிறந்து 2018இல் மறைந்த வங்க நாவலாசிரியர். 1988ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். நடுத்தரக் குடும்பங்களின் மனச்சான்றை உரசிப் பார்ப்பதில் தனித்திறன் வாய்ந்தவர். மிருணாள் சென் இயக்கிய 'காரிஜ்' திரைப்படமும் இவருடைய கதையே. சுபாஷ் முகர்ஜியின் வாழ்வு இவரை உலுக்கியது. அதன் விளைவே 'அபிமன்யு'.

தலைப்பிலேயே ஆசிரியரின் தீர்ப்பு அடங்கியிருக்கிறது. சக்கரவியூகத்துள் நுழையக் கற்றவன், வெளியேறக் கல்லாதவன் அபிமன்யு. பதினாறு வயதுப் பாலகனை மகாரதிகள் பலர் ஒருங்கே சூழ்ந்து, போர்முறை துறந்து கொன்றனர் என்பது பாரதக் கதை. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பகுதிகளிலிருந்து வந்து சந்தாபுராவிலும் சுற்றுவட்டாரத்திலும் குடியேறியிருக்கும் நம் குடும்பங்களுக்கு இக்கதையை யாரும் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தில் அபிமன்யு வீழும் இரவு எத்தகையது என்பதை நம் மூத்தோர் அறிவர். நாம் வாழும் ஆனேக்கல் வட்டத்திலும் தருமராயர் கோயில் கரக விழா பாரத மரபை இன்றளவும் காத்து நிற்கிறது. ஆகவே வங்கத்தில் பிறந்த இத்தலைப்பு நமக்கு அயலானதன்று.

ஒரு நுட்பத்தை இங்கே கருதவேண்டும். அபிமன்யுவைக் கொன்றவர் அனைவரும் கற்றறிந்தோர். அவருள் ஆசானும் உண்டு. அறியாதார் கூட்டம் ஒருவனை வீழ்த்துவதற்கும், அறிந்தோர் கூட்டம் வீழ்த்துவதற்கும் வேறுபாடு உண்டு. சுபாஷ் முகர்ஜியை வீழ்த்தியது ஊர்மக்கள் அல்லர். சக மருத்துவர்களும் அலுவலர்களுமே. எழுத்தாளர் இதனை உணர்ந்தே இப்பெயரைத் தேர்ந்தார் எனலாம்.

இந்நாவலைத் தழுவித் தபன் சின்ஹா 1990இல் 'ஏக் டாக்டர் கீ மௌத்' என்னும் இந்தித் திரைப்படத்தை எடுத்தார். 'ஒரு மருத்துவனின் மரணம்' என்பது அதன் பொருள். திரையில் வரும் மருத்துவர் தீபாங்கர் ராய் கண்டுபிடிப்பது தொழுநோய்க்குத் தடுப்பூசி. பங்கஜ் கபூர் மருத்துவராகவும், ஷபானா ஆஸ்மி மனைவியாகவும், இர்ஃபான் கான் உதவும் பத்திரிகையாளராகவும் நடித்தனர். மேலதிகாரியின் பொறாமை, தொலைவிலுள்ள சிற்றூருக்கு மாறுதல், வெளிநாட்டுக் கடிதம் கைக்கு வராமற் போதல் எனக் கதை நகர்கிறது. முடிவில் வெளிநாட்டார் இருவர் அதே கண்டுபிடிப்பை அறிவித்துப் புகழ் பெறுகின்றனர். சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது தபன் சின்ஹாவுக்குக் கிடைத்தது. பங்கஜ் கபூர் நடுவர் குழுவின் சிறப்பு விருது பெற்றார்.

திரைப்படத்தில் அம்மருத்துவர் இறப்பதில்லை. அயல்நாட்டு அழைப்பை ஏற்றுத் தம் பணியைத் தொடர முடிவு செய்கிறார். அப்படியாயின் மரணம் யாருடையது? இந்த மண்ணில் இருந்துகொண்டே இந்த மண்ணுக்கு உழைப்பேன் என்றிருந்த மருத்துவன் இறந்துவிட்டான் என்பதே கருத்து. பிழைப்பின் பொருட்டும் மதிப்பின் பொருட்டும் ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு இம்முடிவின் பொருள் மற்றவர்க்கு விளங்குவதைக் காட்டிலும் ஆழமாக விளங்கும்.

பெங்களூரிலிருந்து வந்த நீதி

இனி இவ்வரலாற்றின் ஒளிமிக்க பகுதிக்கு வருவோம். 1986 ஆகஸ்ட் 6ஆம் நாள் பம்பாய் கே. இ. எம். மருத்துவமனையில் ஹர்ஷா என்னும் குழந்தை பிறந்தது. டாக்டர் இந்திரா ஹிந்துஜாவும் விஞ்ஞானி டி. சி. ஆனந்தகுமாரும் தலைமையேற்று நடத்திய முயற்சி அது. இந்தியாவின் முதற் சோதனைக் குழாய்க் குழந்தை என்று நாடே கொண்டாடியது. 1990இல் சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜ் முயற்சியால் தென்னிந்தியாவிலும் இம்முறையில் குழந்தை பிறந்தது. சுபாஷ் முகர்ஜியின் பெயர் ஏறக்குறைய மறைந்தே போயிற்று.

1997இல் ஒரு மாநாட்டின் பொருட்டு ஆனந்தகுமார் கல்கத்தா சென்றார். அங்கே சுபாஷ் முகர்ஜியின் கையெழுத்துக் குறிப்புகளும் ஆவணங்களும் அவரிடம் அளிக்கப்பட்டன. அவற்றை வரிவரியாக ஆராய்ந்தார். குழந்தையின் பெற்றோரிடமும் உசாவினார். 1978இல் கூறப்பட்டது அத்தனையும் உண்மை என்னும் முடிவுக்கு வந்தார். இம்முடிவு அவருக்கே இழப்பைத் தருவது. சுபாஷ் முகர்ஜி முதல்வர் எனில், முதல்வர் என்னும் சிறப்பு தம்மை விட்டு நீங்கும். அவர் பேசாதிருந்தால் கேட்பார் ஒருவரும் இலர். எனினும் 1997 ஏப்ரலில் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் கட்டுரை எழுதி, இந்தியாவின் முதற் சோதனைக் குழாய்க் குழந்தையை உருவாக்கியவர் டாக்டர் சுபாஷ் முகர்ஜியே என்று உலகறியச் சொன்னார்.

இவ்விதழ் 1932 முதல் நம் பெங்களூரிலிருந்து வெளிவருவது. ஆனந்தகுமாரும் பம்பாய்ப் பணிக்குப் பின் பெங்களூரில் மகப்பேற்று ஆராய்ச்சி நிலையம் நிறுவிப் பணியாற்றியவர். கல்கத்தாவில் இழைக்கப்பட்ட அநீதிக்கு நீதி எழுதப்பட்டது நாம் வாழும் இந்நகரத்தில் என்பதை நினைக்குந்தோறும் நமக்குப் பெருமிதம் உண்டாகிறது. தன் தலையில் ஏற்கெனவே சூட்டப்பட்ட முடியைத் தானே கழற்றி, மறைந்த ஒருவரின் படத்துக்கு முன் வைக்கும் செயல் புராணத்தில் கேட்டிருப்போம். விஞ்ஞான உலகில் கண்டது அரிது.

அதன்பின் வாயில்கள் திறந்தன. துர்கா என்று அழைக்கப்பட்ட அப்பெண் வளர்ந்து, தம் 25ஆம் பிறந்தநாளையொட்டி 2003இல் பலரறியத் தோன்றித் தம் பிறப்புக்குக் காரணரான மருத்துவரைப் போற்றினார். அறுவரும் எழுவரும் அமர்ந்து எழுதிய அறிக்கைக்கு அவருடைய நலமான வாழ்வே மறுப்புரை ஆயிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2005இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் 1978ஆம் ஆண்டுப் பிறப்பையும் சுபாஷ் முகர்ஜியின் பணியையும் குறிப்பிட்டது. 2007இல் வெளிவந்த உலக மருத்துவ வாழ்க்கை வரலாற்று அகராதியிலும் அவர் இடம்பெற்றார். 2010இல் இராபர்ட் எட்வர்ட்ஸுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டபோது, பலர் நெஞ்சில் கல்கத்தாவின் பெயரும் ஒலித்தது.

வரலாறு புகட்டுவது

இது ஒரு நகரத்தின் குற்றமோ ஒரு காலத்தின் குற்றமோ அன்று. 1847இல் வியன்னாவில், மகப்பேற்று அறைக்குள் நுழையுமுன் கையைத் தூய்மை செய்யுங்கள் என்று சொன்ன செம்மல்வைஸ் என்னும் மருத்துவரைச் சக மருத்துவர்கள் ஏளனம் செய்தனர். 1865இல் மனநோய் விடுதியில் அவர் உயிர் பிரிந்தது. நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகதா சுப்பாராவ் கதராடை அணிந்த காரணத்தால் ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, முழுப் பட்டம் பெறாமல் தாழ்ந்த பட்டத்தோடு வெளியேறினார். பின்னர் அமெரிக்கா சென்று அவர் ஆற்றிய மருந்தாராய்ச்சி உலகுக்கே பயன்பட்டது. தகுதியை அளக்கும் கோல் தகுதியற்றோர் கையில் இருக்கும்போதெல்லாம் இதுவே நிகழ்கிறது.

ஓசூர் நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் இன்று பெரிய மருத்துவமனைகள் எழுந்து நிற்கின்றன. மகப்பேறு வேண்டுவோர்க்கான சிகிச்சை விளம்பரங்கள் சாலைதோறும் காணக் கிடக்கின்றன. நம் சுற்றத்திலேயே பல ஆண்டு காத்திருந்து இம்முறையால் பிள்ளை பெற்ற இல்லங்கள் உண்டு. அவ்வில்லங்களின் தொட்டிலை ஆட்டும் கைகளுள் கண்ணுக்குத் தெரியாத ஒரு கை சுபாஷ் முகர்ஜியுடையது. அவர் பெயரை நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது நன்றிக்கடன்.

நம் மக்களுள் பலர் மருத்துவம் பயில்கின்றனர். பலர் ஆராய்ச்சிக் கூடங்களிலும் தொழிற்சாலைகளிலும் பணிபுரிகின்றனர். சிலர் மேலதிகாரிகளாகவும் உயர்ந்துள்ளனர். அவர்களுக்கு இவ்வரலாறு இரண்டு பாடங்களைத் தருகிறது. நாம் புரிந்துகொள்ளாத ஒன்றைப் பிறர் கூறினால், பொய் என்று முடிவு கட்டுமுன் எனக்குப் புரியவில்லை என்று சொல்லும் துணிவு வேண்டும். விசாரணைக் குழுவுக்கு இல்லாமற்போன துணிவு அது. பிறர்க்குரிய புகழ் தவறுதலாக நம்மிடம் வந்து சேர்ந்தால் அதனை உரியவர்க்கே திருப்பித் தரும் பண்பு வேண்டும். ஆனந்தகுமாரிடம் நிறைந்திருந்த பண்பு அது.

இலக்கியத்தின் பயன் யாது என்று வினவுவோர்க்கும் இதில் விடை உண்டு. குழுவின் அறிக்கையும் மாறுதல் ஆணையும் தம் காலத்தில் வலிமை மிக்க தாள்களாக இருந்தன. இன்று அவற்றைப் போற்றுவார் இல்லை. எவ்வித அதிகாரமும் இல்லாத ஒரு நாவலாசிரியர் எழுதிய கதையோ, ஆவணங்கள் வெளிவருமுன்பே அம்மருத்துவரின் வழக்கை மக்கள் மன்றத்தில் நிறுத்தி வைத்தது. பாரதத்தில் அபிமன்யு வீழ்ந்தான். ஆயினும் அவன் வழித்தோன்றலாகிய பரீட்சித்துவே பின்னர் அத்தினாபுரத்தை ஆண்டான். கருவிலேயே அழிக்கப்படவிருந்து காக்கப்பட்ட குழந்தை பரீட்சித்து என்பதும் நினைக்கத்தக்கது. கல்கத்தாவில் வீழ்ந்த அபிமன்யுவின் மரபு இன்று உலகெங்கும் தொட்டில்களில் வளர்கிறது.